கடல் தாண்டிய கொண்டைக்குருவி: மொரிஷியஸ், ரியூனியன் நாட்குறிப்பு

அக்டோபர் 7, செவ்வாய் – காத்ர் போர்ன்

விமானம் வந்து சேர்ந்தது, பெட்டி வரவில்லை. முக்கால் மணி நேரம் நின்று பார்த்தேன். கடைசியில் யாரோ கயிறு போட்டுக் கட்டிய ஓர் அட்டைப் பெட்டி மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது. "நாளை வந்துவிடும்" என்று ஒரு சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். மாற்றுச் சேலை இல்லையே என்று நான் கவலைப்படவில்லை. பெட்டிக்குள் இருந்த ஒலிப்பதிவுக் கருவியை நினைத்துத்தான் வயிறு கலங்கியது. வந்ததே அதற்காகத்தான்.

கோத்தகிரியில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு கொய்யா மரம் இருக்கிறது. அதில் வந்து உட்காரும் செம்மீசைச் சின்னானின் குரலை மூன்று ஆண்டுகளாகப் பதிவு செய்துவருகிறேன். புத்தகத்தில்தான் அது செம்மீசைச் சின்னான். எங்கள் வீட்டில் கொண்டைக்குருவி. அது "எட்டிப்பாரு, எட்டிப்பாரு" என்று கூப்பிடுகிறது என்று அம்மா சிறுவயதில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள். ஒருமுறை அப்படிக் கேட்டுவிட்டால் பிறகு வேறு எப்படியும் காதில் விழாது. குன்னூரில் சித்தி வீட்டுக்குப் போனால் அதே பறவை கடைசி அசையை நீட்டி இழுக்கும். ஒரு மணி நேர பஸ் பயணத்துக்குள் குருவியின் பேச்சு மாறிவிடுகிறதே என்று எட்டு வயதில் தொடங்கிய வியப்பு இன்னும் எனக்கு அடங்கவில்லை.

இதே பறவை 1892 முதல் மொரிஷியஸில் வாழ்கிறது, 1972 வாக்கில் அங்கிருந்து பக்கத்துத் தீவான ரியூனியனுக்கும் போய்விட்டது என்று படித்த நாளிலிருந்து இங்கே வர வேண்டும் என்று காசு சேர்த்தேன்.

தங்கியிருப்பது அக்கா வீட்டில். கூடப் பிறந்தவர் அல்லர். தமிழ் படிக்க இங்கிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தவர், விடுதியில் எனக்கு இரண்டு ஆண்டு மூத்தவர், அன்று தொடங்கி அக்கா. இப்போது பள்ளியில் தமிழ் கற்பிக்கிறார். வீட்டில் அவரோடு மட்டும்தான் நான் தமிழில் பேச முடிகிறது. அவருடைய மாமியாருக்குக் கிரியோல்தான் பேச்சு. தமிழில் தேவாரம் தெரியும், "சாப்பிட்டாயா" தெரியும்.

மாலை ஐந்தரைக்குப் பின்வாசலில் தேநீரோடு உட்கார்ந்திருந்தபோது லிச்சி மரத்தில் வந்து இறங்கியது. கூரான கருங்கொண்டை, கண்ணுக்குப் பின்னால் குங்குமம் தொட்டு வைத்தது போன்ற சிவப்பு, வெள்ளைக் கன்னம், அதன் கீழே மை தீற்றியது போல் ஒரு கோடு. எங்கள் கொய்யா மரத்திலிருந்து அப்படியே எழுந்து வந்தது போல இருந்தது. வாயைத் திறந்தது. எனக்குப் புரியவில்லை.

கருவி இல்லாததால் நோட்டை எடுத்தேன். தமிழ் வாத்தியார் பிழைப்பு இதற்காவது உதவட்டும் என்று அசை பிரித்து எழுதினேன். எங்கள் வீட்டு "எட்டிப்பாரு" தேமா தேமா. நான்கும் நேரசை, நடந்து போகிறவரின் காலடி மாதிரி சீராக விழும். இங்கே கேட்டது "கிடிக்கியோ பாரு". முன்பாதி கருவிளம் ஆகிவிட்டது, பின்பாதி தேமாவாகவே நிற்கிறது. ஏழு முறை கூப்பிட்டது, ஏழு முறையும் அப்படியேதான்.

"இதை இங்கே என்னவென்று சொல்வீர்கள்?" என்று மாமியாரிடம் கேட்கச் சொன்னேன். அவர் தன் தலைக்குப் பின்னால் முடிந்திருந்த கொண்டையைத் தொட்டுக் காட்டி "கோந்தே" என்றார். பறவைக்கும் அதுதான் பெயராம், தலைமுடிக் கொண்டைக்கும் அதுதான் பெயராம்.

அக்டோபர் 8, புதன் – சந்தை

காய்கறிச் சந்தைக்கு அக்காவுடன் போனேன். கூரையடியில் ஈரத் தரை, கொத்தமல்லி வாசனை, காலைக் கூட்டம். இரண்டு கட்டு கீரை வாங்க நின்றவள் ஒன்றரை மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

பீர்க்கங்காயைக் காட்டி விலை கேட்டேன். கடைக்காரப் பெண் "பிப்பாங்காய்" என்றாள். கொத்தமல்லி "கோத்தோமிலி". முருங்கைக் கீரை "மூரூம்". கறிவேப்பிலைக் கொத்தை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு, "இது?" என்றேன். "காரிபூலே." நான் திருப்பிச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வது போல், மறுபடி சொன்னாள்: "கா-ரி-பூ-லே." என் உச்சரிப்பு அவளுக்குச் சரிப்படவில்லை. மூன்றாவது முறை சரி என்று தலையாட்டி, கொத்தைப் பையில் போட்டாள். அதற்குக் காசு வாங்கவில்லை. அந்த வழக்கம் மட்டும் நம் ஊர்க் காய்கறிக்கடையிலிருந்து ஒரு எழுத்துக்கூட மாறாமல் வந்திருக்கிறது.

இந்த ஊர் ரூபாய் நோட்டைப் பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை. நூறு ரூபாய் நோட்டில் இந்த நாட்டுத் தமிழ் அரசியல்வாதி ரங்கநாதன் சீனிவாசனின் படம், கூடவே தமிழ் எழுத்து. 1998-இல் புதிய நோட்டில் தமிழுக்கு முன்னால் இந்தியை அச்சிட்டுவிட்டார்கள் என்று பெரிய கிளர்ச்சி நடந்து, அச்சடித்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அக்கா அப்போது இளம்பெண். இன்று சொல்லும்போதும் குரல் உயர்கிறது.

பசித்தது. தெருமுனை வண்டியில் இரண்டு தால்பூரி 30 ரூபாய். இந்த ஊர் ரூபாய் ஒன்று நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டு. கடலைப்பருப்பை அரைத்து உள்ளே வைத்த மெல்லிய ரொட்டி, மேலே பீன்ஸ் குழம்பு, தக்காளித் துவையல், மிளகாய். காகிதத்தில் சுருட்டிக் கொடுத்தார்கள். நின்றபடியே தின்றோம். குழம்பு முழங்கை வரை வழிந்தது. வரிசையில் பின்னால் நின்ற பெரியவர் ஒன்றும் சொல்லாமல் தன் கைக்குட்டையை நீட்டினார்.

இரவு ஒன்பதுக்குப் பெட்டி வந்தது. கருவி பத்திரமாக இருக்கிறது. அக்காவுக்காக வாங்கிய ஊட்டி வர்க்கிதான் தூளாகிவிட்டது. மாமியார் அந்தத் தூளைக் கரண்டியால் அள்ளித் தேநீரில் போட்டுக்கொண்டு இன்னும் வேண்டும் என்றார்.

அக்டோபர் 9, வியாழன் – கோயில் மலை

காலை ஐந்துக்கே எழுந்தேன். ஐந்தரையை ஒட்டி வெளிச்சம் வந்துவிடுகிறது. கோர் தெ கார்ட் மலையின் சரிவில் முருகன் கோயில் இருக்கிறது. ஊரார் அதைக் 'கோவில் மொந்தாஞ்' என்கிறார்கள், கோயில் மலை. தைப்பூசக் காவடிக்கு இந்த நாட்டில் அரசு விடுமுறை உண்டு. அன்று இந்தப் படிகளில் கால் வைக்க இடம் இருக்காதாம். இன்று நானும் அக்காவின் மாமியாரும், படி கூட்டுகிற ஒருவரும், நிறையக் கொண்டைக்குருவிகளும்தான்.

மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது. வர வேண்டாம் என்று எவ்வளவு சொன்னாலும் கேட்கவில்லை. எனக்கு முன்னால் ஏறினார். மொழி இல்லாததால் இருவரும் சைகையில் பேசிக்கொண்டோம். பறவை கூப்பிடும்போதெல்லாம் விரலை உயர்த்தி எனக்குக் காட்டினார். நான் மைக்கை நீட்டினால் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றார். இவ்வளவு நல்ல உதவியாளர் எனக்கு இதுவரை வாய்த்ததில்லை.

பதினொரு பறவைகளைப் பதிவு செய்தேன். அடிவாரத்தில் உள்ளவை அக்கா வீட்டுப் பறவையைப் போலவே "கிடிக்கியோ பாரு". மேலே ஏற ஏற, முதலில் ஒரு சிறு தட்டல் சேர்ந்தது: "டிக், கிடிக்கியோ பாரு". ஒரு பறவை அந்தத் தட்டலோடு தொடங்க, பக்கத்து மரத்திலிருந்தது தட்டலோடு பதில் சொன்னது. கீழே இருப்பவை தங்களுக்குள் தட்டல் இல்லாமல் பேசிக்கொள்கின்றன.

பாடும் பறவைகளில் பாட்டு ரத்தத்தோடு முழுதாக வருவதில்லை, குஞ்சு அதைக் கேட்டுக் கற்கிறது. கேம்பிரிட்ஜில் தோர்ப் என்ற அறிஞர் 1950-களில் சாஃபிஞ்ச் என்னும் ஐரோப்பியக் குருவியின் குஞ்சுகளைப் பெரிய பறவைகளின் குரலே காதில் விழாமல் வளர்த்துப் பார்த்தார். வளர்ந்தபின் அவையும் பாடின. நீளம் ஏறக்குறையச் சரியாக இருந்தது. ஆனால் சொல் சொல்லாகப் பிரியவில்லை, கடைசியில் வர வேண்டிய அழகான முடிப்பும் வரவில்லை. கேட்டுக் கற்பதால்தான் வட்டார வழக்கு என்ற ஒன்று பறவைக்கும் உண்டாகிறது. தெருவில் கேட்டதைக் குஞ்சு பிடித்துக்கொள்கிறது. மலைக்கு ஒன்று, அடிவாரத்துக்கு ஒன்று.

இறங்கும்போது காதில் ஹெட்போனை மாட்டியபடி வந்தேன். அது தவறு. பாசி பிடித்த படியில் கால் வழுக்கி உட்கார்ந்த வாக்கில் மூன்று படி சறுக்கினேன். கருவியை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டதால் முழங்கைதான் அடிபட்டது. மாமியார் மேலேயிருந்து "அய்யோ!" என்று கத்தினார். கீழே படி கூட்டிக்கொண்டிருந்தவரும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு "அய்யோ!" என்று ஓடி வந்தார். இருவருக்கும் தமிழில் ஒரு வாக்கியம் பேச வராது. மாமியார் என் முழங்கையைப் பிடித்துப் பார்த்து, முந்தானையால் துடைத்து, ஊதிவிட்டார். அன்று பதிவான கடைசி ஒலி அந்த இரண்டு அய்யோக்கள்தான். அழிக்க மனம் வரவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி – க்யூர்பிப்

தூறல், குளிர், காற்று. கோத்தகிரியின் ஐப்பசி மாதிரியே இருந்தது. த்ரூ ஓ செர்ஃப் எரிமலைவாயின் விளிம்பில் நடந்தேன். மைக்கில் காற்றின் இரைச்சலைத் தவிர ஒன்றும் இல்லை. இந்தத் தீவுக்கே உரிய சாம்பல் நிற வெள்ளைக்கண்ணிகள் கூட்டமாகப் புதருக்குப் புதர் தாவின. உள்ளங்கையில் நான்கு கொள்ளும், அவ்வளவு சிறியவை. ஒரு பொழுதுக்கு அவையே போதும்.

திரும்பிவந்து அக்கா வீட்டுப் பின்வாசலில் காயவைத்த குடையை எடுக்கப் போனபோது, லிச்சி மரத்துக் கொண்டைக்குருவிகள் திடீரென்று கரகரவென்று ஏசத் தொடங்கின. யோசிப்பதற்கு முன்பே என் தலை தரையை நோக்கித் திரும்பிவிட்டது. வேலியோரம் ஒரு கீரி. இந்தியாவிலிருந்து எலி பிடிக்கக் கொண்டுவந்து விட்ட இனம். கோத்தகிரியில் பூனை வரும்போதும், ஒருமுறை சாரைப்பாம்பு வந்தபோதும், எங்கள் பறவைகள் எழுப்பிய அதே குரல். அதை நோட்டில் எழுத அசை எதுவும் தேடவில்லை. "வீட்டில் போலவே" என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

அக்டோபர் 11, சனி – புரட்டாசிச் சனிக்கிழமை

கோவிந்தனுக்கு விரதம். அக்கா வீட்டில் இருபது பேருக்கு வாழை இலை. ஏழு கறி: வாழைக்காய், பலா, பூசணி, பீன்ஸ், உருளைக்கிழங்கு, கீரை, தக்காளித் துவையல். கூடவே பருப்பும் ரசமும். ரசத்துக்கு இங்கே "ரஸோன்" என்று பெயர். ஆனால் புளி ஒரு கை தூக்கல், பூண்டு இரண்டு கை தூக்கல். நான் மூன்று முறை வாங்கிக் குடித்தேன். பலாக்கறியில் கடுகும் காரிபூலேயும் பொரிந்த வாசனை தெருமுனைக்கே வந்தது. பரிமாறியவர்கள் எல்லோரும் ஆண்கள். ஒருவர்கூட இலையைப் பார்க்காமல் கடந்து போகவில்லை. "போதும்" என்று நான் கையை மறைத்தால், மறைத்த கையின் மேலேயே ஊற்றிவிடுவது போலக் கரண்டியை நிறுத்திக்கொண்டு காத்திருந்தார்கள்.

பக்கத்து இலையில் லிச்சித் தோப்பு வைத்திருக்கும் பெரியவர் ஒருவர். நான் எதற்காக வந்திருக்கிறேன் என்று அக்கா மொழிபெயர்த்துச் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. "கோந்தேயைத் தேடி இவ்வளவு தூரமா?" என்று கேட்டார். டிசம்பரில் பழம் சிவக்கத் தொடங்கியதும் மரத்துக்கு மரம் வலை கட்ட வேண்டியிருக்கிறதாம். இரவில் வௌவால், பகலில் கோந்தே. வலை விலை, ஆள் கூலி எல்லாவற்றையும் விரல் விட்டு எண்ணிக் காட்டினார். நான் பேசாமல் கேட்டுக்கொண்டேன். எனக்கு உயிரான பறவை அவருடைய பிழைப்பைக் கொத்துகிறது. காட்டிலும் அது நல்லது செய்யவில்லை. வெளியிலிருந்து வந்த களைச்செடிகளின் பழத்தைத் தின்று விதையை உள்காட்டில் போடுகிறது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

அவரே பிறகு ஒரு கதை சொன்னார். கூண்டில் வளர்க்க இந்தியாவிலிருந்து கொண்டுவந்த பறவைகளாம். 1892 ஏப்ரல் 29-இல் போர்ட் லூயிஸைச் சூறையாடிய பெரும்புயலில் கூண்டு உடைந்து வெளியே போனவையாம். அந்தப் புயலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவருடைய பாட்டனாரின் தகப்பனார் கரும்புத் தோட்டத்துக் கூலியாக வந்திருந்தவர், குடிசை பறந்துபோய், ஆலைச் சுவரை ஒட்டி நின்று பிழைத்தவராம். குடும்பத்தில் அந்தப் புயலை இன்றும் சொல்கிறார்கள்.

மாலையில் ஒரு காரியம் செய்தேன். கோத்தகிரியில் பதிவு செய்த "எட்டிப்பாரு"வை லிச்சி மரத்தடியில் ஒரே ஒருமுறை, மெதுவாக, ஒலிக்கவிட்டேன். இனப்பெருக்கக் காலத்தில் இப்படிச் செய்து பறவையை அலைக்கழிக்கக் கூடாது என்று தெரியும். ஆனாலும் நான்கு நாளாக அடக்கிய ஆசை. கிளையில் இருந்த பறவை பேசுவதை நிறுத்தியது. தலையை ஒருபக்கம் சாய்த்தது, பிறகு மறுபக்கம். கொண்டை மட்டும் நிமிர்ந்தது. பதில் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து அலகைக் கிளையில் இரண்டு முறை தீட்டிவிட்டு, தன் வழக்கப்படி "கிடிக்கியோ பாரு" என்று தொடங்கியது. நான் கருவியை அணைத்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

இரவு அக்காவிடம் யெல்லோஹாமர் கதையைச் சொன்னேன். மஞ்சள் நிறச் சிறு பறவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டனிலிருந்து நியூசிலாந்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அதன் பாட்டின் கடைசிப் பகுதி ஊருக்கு ஊர் மாறும். செக் நாட்டு ஆய்வாளர்கள் இரண்டு நாட்டுப் பொதுமக்கள் அனுப்பிய பதிவுகளை ஒப்பிட்டார்கள். பிரிட்டனில் இப்போது கேட்காத வட்டார வழக்குகள் நியூசிலாந்தில் கேட்கின்றன. தாய்நாட்டில் பறவைகள் குறைந்து வழக்கும் மறைந்துவிட்டது, போன இடத்தில் பிழைத்திருக்கிறது என்று அவர்கள் கருதுகிறார்கள்.

அக்கா நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து போய், மாமியாரின் பூசை அறையிலிருந்து ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்தார். பிரெஞ்சு எழுத்தில் எழுதிய தமிழ்ப் பாட்டுகள். பொருள் தெரியாமல் மூன்று தலைமுறையாகப் பாடுகிறார்கள். அதில் ஒரு தாலாட்டு. "ஆராரோ" எனக்குத் தெரிந்தது, அதற்கு அடுத்த நான்கு வரிகளை நான் எங்கேயும் கேட்டதில்லை. மாமியார் பாடிக் காட்டினார். விளக்கை அணைத்தபின் மறுபடியும் பாடச் சொன்னேன்.

அக்டோபர் 12, ஞாயிறு – சேந்த் ஆந்த்ரே, ரியூனியன்

ஏறக்குறைய 200 கிலோமீட்டர், முக்கால் மணி நேர விமானம். ரியூனியன் பிரான்ஸின் ஒரு பகுதி என்பதால், இறங்கினால் பிரான்ஸ். யூரோ, நேரான சாலைகள், ஞாயிறு என்பதால் மூடிய கடைகள். ஒரு சமோசா 60 சென்ட், நம் காசில் அறுபது ரூபாய். மனம் கணக்குப் போட்டபடியே இருந்ததால் மூன்றாவதை ரசித்துத் தின்ன முடியவில்லை.

இங்குள்ள தமிழ் வம்சத்தாரை மலபார் என்கிறார்கள். கோயில் கோபுரம் நம் கோபுரம்தான், ஆனால் வாசலில் அறிவிப்பெல்லாம் பிரெஞ்சில். கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்த குருக்கள் ஒருவர் இருந்தார். என் பேச்சைக் கேட்டதும் அர்ச்சனைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "நீலகிரிப் பக்கமா நீங்கள்?" என்றார். ஊரைவிட்டு வந்து ஆறு ஆண்டாயிற்றாம். அவருக்கு மழையைப் பற்றித்தான் கேட்க வேண்டியிருந்தது. காவிரியில் தண்ணீர் வந்ததா, ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டதா. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். உண்டக்கட்டியாகப் புளியோதரை கொடுத்தார்.

அதில் கிடந்த கறிவேப்பிலையை எடுத்து, அருகில் நின்ற பெண்ணிடம் பெயர் கேட்டேன். மொரிஷியஸில் கஷ்டப்பட்டுக் கற்றதைச் சொல்லிக் காட்டவும் ஆசை: "காரிபூலே?" அவள் புருவம் சுருங்கியது. "நோன். காலுபிலே." ஒரே இலை. நடுவில் ஒரு கடல் துண்டு.

அக்டோபர் 13, திங்கள் – சலாஸி, எல்பூர்

சேந்த் ஆந்த்ரேயிலிருந்து பஸ் மலைப்பள்ளத்துக்குள் ஏறியது. இருபுறமும் செங்குத்துச் சுவர், சுவர் முழுக்க அருவி. இந்தத் தீவின் ஃபோக்ஃபோக் என்ற மேட்டில் 1966 ஜனவரியில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை பெய்தது. அது உலகச் சாதனை என்று படித்திருக்கிறேன். இன்று பெய்தது அதில் ஒரு துளிதான் என்றாலும் குடை திரும்பிக்கொண்டு, செருப்பு அறுந்து, நோட்டின் இரண்டு பக்கம் கரைந்து போயிற்று.

ஆனால் எல்பூரில் இறங்கியதும் வாய்விட்டுக் கூவிவிட்டேன். பந்தல் பந்தலாகச் சௌசௌக் கொடி! எங்கள் வீட்டுக் கொல்லையில் பிடுங்கி எறிந்தாலும் முளைக்கும் அதே சௌசௌ. இங்கே "ஷூஷூ". பாலாடைக்கட்டி போட்டு அடுப்பில் வாட்டி மதியச் சாப்பாட்டுக்குக் கொடுத்தார்கள். உணவகத்து அம்மாவிடம், கூட்டு என்று ஒன்று உண்டு, பாசிப்பருப்பு, தேங்காய், சீரகம் என்று சைகையிலேயே விளக்கினேன். ஒரு துண்டுக் காகிதத்தில் படம் வரைந்து வாங்கிவைத்துக்கொண்டார். நனைந்திருந்த எனக்கு உலர்ந்த துவாலை ஒன்றும், அறுந்த செருப்புக்குப் பதில் தன் மகளின் ரப்பர்ச் செருப்பும் கொடுத்தார். காசு நீட்டியபோது கையைத் தள்ளிவிட்டார்.

அங்கே ஜெர்மன்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற தபால்காரராம், மழை நிற்கக் காத்திருந்தார். என் கழுத்தில் தொங்கிய ஹெட்போனைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார். ஆங்கிலத்தில் இருவரும் தட்டுத்தடுமாறினோம். அவருடைய ஊரில் சாஃபிஞ்ச் குருவியின் ஆண் பறவை இளவேனிலில் ஒரே ஒலியை விடாமல் திரும்பத் திரும்பச் சொல்லுமாம். அதற்கு 'மழை அழைப்பு' என்று பெயர். மழை வராத நாளிலும் அழைக்கும், என்றாலும் பெயர் அப்படி. பிறந்த கிராமத்தில் அது "ஹுயித்" என்று மேல்நோக்கிச் சீட்டியடிக்கும், வேலைக்குப் போன ஊரில் "ற்ரூ" என்று உருட்டும். "முதல் வசந்தத்தில் அங்கே எனக்குத் தூக்கமே வரவில்லை. என் குருவி எங்கே என்று மனைவியிடம் கேட்டேன்" என்றார். நான்தான் இப்படி ஒருத்தி என்று நினைத்திருந்தேன். அவர் உதட்டைக் குவித்து இரண்டையும் சீட்டியடித்துக் காட்டினார். நான் "எட்டிப்பாரு"வைச் சீட்டியடித்தேன். உணவகத்து அம்மா தட்டைத் துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு மழை விட்டது. தோட்டத்து வேலியில் கொண்டைக்குருவி ஒன்று இறகைக் கோதிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இங்கே அதற்குக் கோந்தே என்ற பெயர் இல்லை. "மேர்ல் மொரிஸ்", மொரிஷியஸ்காரப் பறவை. ஐம்பது ஆண்டு ஆகியும் அசலூரான்தான். தீவுக்கே சொந்தமான "மேர்ல் பெயி" வேறு, அது கொண்டைக்குருவிக்குத் தாயாதி, காட்டுக்குள் இருக்கிறது.

நனைந்த குரலில் தொடங்கியது: "எட்டி... கியோ." நடுவில் ஒரு சின்ன இடைவெளி. மறுபடி "எட்டி... கியோ." நோட்டு நனைந்திருந்ததால் கையில் எழுதிக்கொண்டேன்: தேமா, மலர். வெண்பாவின் ஈற்றுச் சீர் போல ஓரசையில் போய் நிற்கிறது. மொரிஷியஸில் நான் கேட்டவற்றில் "எட்டி" என்ற தொடக்கமே இல்லை. இங்கே கேட்ட ஆறு பறவையிலும் இருக்கிறது. சில பறவைகளே கொண்டுவரப்பட்ட இடத்தில், அவை எதைப் பாடினவோ அதுதான் ஊர்ப்பாட்டு. மற்றதெல்லாம் அக்கரையிலேயே நின்றுவிடும். கோத்தகிரிப் பறவையின் பேரப்பிள்ளைகள் இவை என்று நான் சொல்லவில்லை. குன்னூரும் கோத்தகிரியுமே ஒன்றாகப் பேசுவதில்லை. ஆனால் அந்த "எட்டி"யை நனைந்த வேலியோரம் கேட்டபோது, ரப்பர்ச் செருப்போடு நின்றவள் சற்று நேரம் நகரவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

நாள் முழுவதும் விமான நிலையங்கள். அக்கா மொரிஷியஸ் விமான நிலையத்துக்கு வந்து ஒரு பொட்டலம் கொடுத்தார். அந்தத் தாலாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார், மாமியாரின் சொற்படி, ஒரு எழுத்தும் திருத்தாமல்.

அக்டோபர் 16, வியாழன் – கோத்தகிரி

மழை பிடித்துக்கொண்டுவிட்டது. கொய்யா மரத்தில் யாரும் இல்லை. அம்மாவை அடுப்படியில் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முதலில் காத்ர் போர்ன், பிறகு கோயில் மலை, பிறகு எல்பூர். கோயில் மலையில் இரண்டு அய்யோ வந்த இடத்தில் திடுக்கிட்டு என் முழங்கையைப் பார்த்தாள். எல்பூரை இன்னொருமுறை போடச் சொன்னாள்.

"நம் குருவிதான். தூரத்து ஊருக்கு வாக்கப்பட்டுப் போயிருக்கிறது" என்றாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, தாளிப்புக்குக் கடுகை எடுத்தபடியே கேட்டாள்:

"அங்கே கறிவேப்பிலை கிடைக்கிறதா?"

"கிடைக்கிறது அம்மா" என்றேன்.